பெண்கள் பக்கத்து டேப்

ஜொஹ்ராவின் வலது தோள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அடுப்படியின் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க வேண்டுமென்றால் யாராவது வந்து கை கொடுக்க வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் நான்கு மணி நேரம் கேமராவைத் தூக்கிப் பிடிக்க அதே தோளால் முடியும். இது என்ன கூத்து என்று அவள் கணவர் நஜிமுதீன் கேட்காத நாளில்லை. சம்பளமில்லாத வேலைக்குத்தான் தோள் வலிக்கிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து பூனாவுக்குக் கல்யாணமாகி வந்தவள். கோண்ட்வாவில் மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. நஜிமுதீன் போசரிப் பட்டறைகளுக்கு ஆயில் சீலும் ரப்பர் வாஷரும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு தைலப் புட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வீடா மருந்துக்கடையா என்று சந்தேகம் வரும்.

2002-இல் ஷார்ஜாவிலிருந்து வந்த அவள் தம்பி சாகிப், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டேப் அதற்குள் போகும். பிள்ளைகளைப் படம் பிடி என்றான். பிள்ளைகள் இல்லாத வீடு என்பது அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு வாரம் பால்கனிப் புறாக்களைப் படம் பிடித்தாள். பிறகு எதிர் ஃபிளாட்டில் ஒரு மருதாணி வைபவம் வந்தது.

இவர்கள் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் என்று ஒன்று உண்டு. மண்டபத்தின் நடுவே திரை விழும். அந்தப் பக்கம் ஆண்கள், வெள்ளைச் சட்டை, கைகுலுக்கல், பிரியாணி எப்போது என்கிற பேச்சு. இந்தப் பக்கம்தான் கல்யாணம். தலைத்துணி கழன்று, பூவும் நகையும் வெளியே வந்து, பாட்டும் கேலியும் தூள் பறக்கும். அங்கே ஆண் கேமராக்காரன் கால் வைக்க முடியாது. அதனால் எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குத் தங்கள் கல்யாணமே படத்தில் இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா எலும்பு கடிப்பது மட்டும் தெளிவாக இருக்கும். ஒரு பெண் கையில் கேமரா என்றதும் பூனாவின் தமிழ் முஸ்லிம் வீடுகள் ஜொஹ்ராவைப் பிடித்துக்கொண்டன.

படம் பிடித்தால் போதுமா? அதை வெட்டி ஒட்டி டிவிடியாக்க வேண்டும். முதல் கல்யாண டேப்பைக் கேம்ப் என்கிற கடைத்தெருப் பகுதியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தாள். வாங்கப் போனபோது இரண்டு ஆட்கள் டீயை உறிஞ்சிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தங்கை ஆடுவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் பிடித்தது பெண்தான், பார்த்தது யார்? அன்றைக்கே டேப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வளையலை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கி, படுக்கையறை மூலையில் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு டேப்கூட வெளியே போனதில்லை. பெண்ணின் தாயார் முன்னால் டேப்பை எண்ணி, நம்பர் எழுதி, பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டுவாள். டிவிடி கொடுக்கும் நாளில் டேப்பையும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அமானிதம் என்பாள். ஒருவர் நம்பி ஒப்படைத்ததற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை அது.

கம்ப்யூட்டர் வேலையைச் சொல்லிக்கொடுத்தவள் சுப்ரஜா. மகர்பட்டாவில் ஐ.டி. வேலை, கோயம்புத்தூர்க்காரி, இரண்டாவது மாடியில் குடியிருந்தாள். தன் மகன் தவழ்ந்ததிலிருந்து தடுக்கி விழுந்ததுவரை எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து வைத்திருந்தவள். எதை வாங்குவதென்றாலும் கட்டம் போட்டு எழுதிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். அவள் ஒருநாள் ஜொஹ்ராவின் கேமராவைக் காதருகே வைத்துக் கேட்டாள்.

"அக்கா, இது போயிட்டிருக்குதுங்க. இதுலயே படம் புடிச்சு, இதுலயே ஓட்டிக் கம்ப்யூட்டருக்கு ஏத்தி, இதுலயே திருப்பிச் சுத்தறீங்க. ஒரு மணி நேர டேப்பு ஏறறதுக்கு ஒரு மணி நேரம். வெட்டறப்ப இன்னும் பத்துத் தடவை முன்னாடி பின்னாடி ஓடுது. டேப்பப் படிக்கற ஹெட்டு தேயாம என்ன பண்ணும்?"

"அதுக்கு என்ன செய்யணும்?"

"டெக் வாங்கோணுங்க. டேப்ப ஓட்டறதுக்குன்னே உள்ள பெட்டி. கேமரா வெளிய போறதுக்கு, டெக் வீட்டு வேலைக்கு."

சுப்ரஜா கட்டம் போட்டாள். ஒரு பக்கம் டெக்குகள், மறுபக்கம் கேமராக்கள். எதில் எத்தனை மணி நேரம் ஓடும், எந்த வயர், ரிப்பேருக்குப் பூனாவிலேயே ஆள் உண்டா, பம்பாய்க்கு அனுப்ப வேண்டுமா என்றெல்லாம் எழுதினாள். நஜிமுதீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒரு வாரம் படித்தார்.

"படம் எடுக்கத் தெரியாத பெட்டிக்கு இம்புட்டு விலையா?" என்றார். "அதுக்கு இன்னொரு கேமராவே வாங்கி வீட்டுல வச்சிக்கிடலாமே."

"கேமராவுல மோட்டாரு சின்னதுங்கண்ணா. அதுவும் சீக்கிரம் போயிரும்."

"போனா என்ன? நம்மளும்தான் போவப் போறோம்."

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் கேம்ப்பில் ஒரு கடைக்காரர் வழி சொன்னார். பழைய கேமராவைக் கொடுத்தால் புதிய கேமராவில் தள்ளுபடி, கூடவே ஒரு சேனல் ஆபீசில் கழித்துப் போட்ட நல்ல டெக் ஒன்றும் தருவதாகச் சொன்னார். எக்ஸ்சேஞ்ச் என்கிற வார்த்தைக்கு மயங்காத குடும்பம் இந்த நாட்டில் உண்டா? சுப்ரஜாவின் கட்டங்களில் எல்லாம் இருந்தது. பழைய கேமராவைக் கொடுத்தால் என்ன போகும் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை.

அந்த வருஷம் ஜனவரியில்தான் மைமூனின் மகள் அனீசாவின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஜித்தாவில் வேலை. மைமூன் ஜொஹ்ராவின் ஊர்க்காரி, பர்தா தைத்து விற்று ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். புருஷன் இறந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றி ஏற்றித் தலையில் ஒரு முடி மிச்சமில்லை. மகளுக்கு வியாதி தெரியும், தலை தெரியாது. முடி கொஞ்சம் உதிர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லி, தூங்கும்போதுகூட மைமூன் துணியை அவிழ்க்கவில்லை. கல்யாணப் பெண் அழுத முகத்தோடு மணவறைக்குப் போகக் கூடாது என்பது அவள் கணக்கு.

மருதாணி அன்று சாயங்காலம் நிகழ்ச்சி நீண்டுகொண்டே போனது. அனீசா உள்ளறையில் கையிலும் காலிலும் ஈர மருதாணியோடு அசைய முடியாமல் இருந்தாள். ஜொஹ்ராவின் பையில் கடைசி டேப். அந்தக் கேமராவில் டேப்பை மெதுவாக ஓடவிட்டு, அறுபது நிமிஷ டேப்பில் தொண்ணூறு நிமிஷம் பிடிக்கிற வசதி ஒன்று உண்டு. அவள் அதுவரை அதைத் தொட்டதில்லை. அன்று தொட்டாள். சிக்கனம் எங்கே எப்போது கழுத்தைப் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மைமூன் திடீரென்று எழுந்து உள்ளறைக் கதவைச் சாத்தினாள். "ஏளா ஜொஹ்ரா, இங்கன ஆம்பிளை யாரும் இல்லல்லா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் தலைத்துணியை இழுத்து எறிந்தாள். மொட்டைத் தலை விளக்கில் பளபளத்தது.

"என்னளா முழிக்கிய? எண்ணெய்ச் செலவு மிச்சம், ஷாம்புச் செலவு மிச்சம். கைய தட்டுங்கடி!" என்று அவளே பாட்டைத் தொடங்கினாள். அதன் பிறகு அந்த வீடு சிரித்த சிரிப்பை ஜொஹ்ரா வேறு எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. நடுவில் கேமராவின் பக்கம் திரும்பி மைமூன் விரலை ஆட்டினாள்.

"இத அனீசா பாக்கணும். இப்ப இல்ல, ஜித்தாவுக்குப் போன பொறவு. அவ உம்மா அழுவலன்னு அவளுக்குத் தெரியணும். ஆம்பிளை எவனும் பாக்கப்படாது, சொல்லிட்டேன்."

"பாக்க மாட்டான்," என்றாள் ஜொஹ்ரா.

மற்ற டேப்புகளை உடனே டிவிடியாக்கிக் கொடுத்துவிட்டாள். இந்த ஒன்றை மட்டும் மெதுவாகச் செய்யலாம் என்று மைமூனே சொன்னாள். டேப் பிஸ்கட் டின்னில் இருந்தது. பிப்ரவரியில் எக்ஸ்சேஞ்ச் நடந்தது. ஏப்ரலில் மைமூன் மௌத்தானாள்.

அனீசா மூன்று நாள் வந்திருந்துவிட்டு ஜித்தாவுக்குத் திரும்பினாள். துக்க வீட்டில் யாரோ ஒருத்தி ஆறுதல் என்ற பெயரில் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அனீசா அங்கே போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.

"சாச்சி, உம்மா அன்னைக்கு சிரிச்சாவளாமே. உங்ககிட்ட டேப் இருக்காமே. எனக்கு அனுப்புவியளா?"

"உனக்குன்னு தந்ததுதான் மவளே. இந்த வாரமே அனுப்புதேன்."

அன்று மதியம் லுஹர் தொழுகை முடித்துவிட்டு டெக்கில் டேப்பைப் போட்டாள். திரை முழுக்கச் சதுரம் சதுரமாகச் சிதறியது. யாரோ படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குலுக்கிப் போட்டது போல் இருந்தது. ஒரு கை, பாதி வளையல், பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள். சத்தம் விக்கி விக்கி வந்தது. புதிய கேமராவில் போட்டாள். அதிலும் அப்படியே. சுப்ரஜா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பழைய கேமரா தேய்ந்து கோணலாகிப் போயிருந்தது. சாதாரண ஓட்டத்தில் அந்தக் கோணல் தெரியவில்லை. மெதுவான ஓட்டத்தில் டேப்பில் அது எழுதிய எழுத்து இன்னும் பொடியாகிவிட்டது. டாக்டரின் கிறுக்கலை அவர் வாசலில் இருக்கிற மருந்துக்கடைக்காரர் மட்டும் படிப்பார் இல்லையா, அந்தக் கதைதான். அந்தக் கேமரா எழுதியதை அந்தக் கேமராதான் படிக்கும்.

கேம்ப் கடைக்கு ஓடினாள். அதைப் பிரித்துப் பாகங்களை விற்றாகிவிட்டது என்றார் கடைக்காரர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். புத்வார் பேட்டில் ஒரு சந்துக்குள் ஸ்டீபன் என்று ஒரு மெக்கானிக். அவரால் முடியாவிட்டால் வேறு யாராலும் முடியாதாம்.

ஸ்டீபன் பூனா கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். ஐம்பது வயது, சட்டைப்பையில் எப்போதும் மூன்று ஸ்க்ரூடிரைவர், அவர் தமிழில் பாதிக்கு மேல் இந்தி. கதையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"ஹோ ஜாயேகா, ஆயிடும் பாபி. உங்க டெக்கைக் கொண்டாங்க. உள்ள ரெண்டு குட்டித் தூண் இருக்கு, டேப் அது மேலதான் ஓடுது. அத துளித்துளியா திருப்பி அந்தக் கேமரா மாதிரியே தேடா ஆக்கணும். கோணலா ஆக்கணும். பத்து மினிட் காம், அவ்வளவுதான் வேலை. ஆனா படத்தைப் பாத்துக்கிட்டேதான் திருப்பணும்."

"பாக்காம முடியாதா?"

"கண்ண மூடிட்டு ஷேவ் பண்ணச் சொல்றீங்களே."

ஜொஹ்ரா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு டேப்போடு வீட்டுக்கு வந்தாள். மூன்று மாடி ஏறியதும் கதவருகேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நஜிமுதீன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"ஏளா, அவ மௌத்தா போயிட்டா. அந்தப் பிள்ளை உசிரோட காத்திருக்கு. ஆஸ்பத்திரில ஆம்பிளை டாக்டர் பாக்கலியா? இவரும் டாக்டர் மாதிரிதான்."

"ஆஸ்பத்திரில அவளே சரின்னு காட்டினா. இது அவ வேண்டாம்னு சொன்னது."

"சொன்னவ இல்லையே."

"அதான்," என்றாள் ஜொஹ்ரா. "இருந்தா கேட்டுக்கிடலாம்."

அனீசாவின் போன் மறுநாள் வந்தது. உம்மா போட்ட தடையையும் மெக்கானிக் சொன்னதையும் ஜொஹ்ரா அவளிடம் சொன்னாள். "அந்த ஆளு பாத்தா பாக்கட்டும் சாச்சி, எனக்கு உம்மா வேணும்," என்றாள். மைமூன் அவளிடம் இரண்டு காரியம் ஒப்படைத்திருந்தாள். மகளுக்குக் காட்டு. ஆணுக்குக் காட்டாதே. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று மைமூனுக்கும் தெரியாது, வாக்குக் கொடுத்தவளுக்கும் தெரியாது. இரண்டையும் நிறைவேற்றினால்தான் அமானிதம். ஒன்றைப் போட்டு உடைத்து இன்னொன்றைக் காப்பாற்றுவது வியாபாரம்.

வியாழக்கிழமை புதிய கேமராவைப் பையில் போட்டு, டெக்கை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு புத்வார் பேட்டுக்குப் போனாள்.

"நீங்க திரும்பி உக்காருங்க," என்றாள் ஸ்டீபனிடம். "படத்தைப் பாத்து நான் சொல்லுதேன். எந்தப் பக்கம்னு நீங்க சொல்லுங்க, நான் திருப்புதேன்."

ஸ்டீபன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார்.

"பாபி, இந்தக் கைய எனக்கு எங்க உஸ்தாத் எட்டு வருஷம் அடிச்சு அடிச்சுக் கத்துக்குடுத்தாரு. ஒரு மயிரிழை ஜாஸ்தியா திரும்பினா டேப் மடங்கிரும்."

"உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா?"

ஸ்டீபன் தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். டெக்கின் மூடியைக் கழற்றி, எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று தொட்டுக் காட்டினார். பரிசோதனைக்கென்று வைத்திருந்த ஒரு சின்ன டிவியோடு இணைத்தார். ஸ்டூலை எடுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காலை பதினொரு மணி.

"என்ன தெரியுது?"

"கட்டம்."

"மேல இருக்கா, கீழ இருக்கா?"

"எல்லா இடத்திலயும்."

"வலது தூண். தோடா சா, துளிதான். கடிகார முள்ளு போற பக்கம். இப்ப?"

"கீழ கொஞ்சம் கரைஞ்சிருக்கு."

"அங்கயே நிறுத்துங்க. மூச்சு விட்டுக்கங்க."

இப்படியே போனது. திருப்புவாள், சொல்வாள், அவர் யோசிப்பார், மறுபடி திருப்புவாள். தூக்கிப் பிடித்த கை மரத்துப்போனது. தோளுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். பாதியில் டேப்பைப் பின்னால் சுற்ற வேண்டியிருந்தது, அதுவும் நான்கு தடவை. ஒரு மணிக்கு ஸ்டீபன் முதுகைத் திருப்பாமலே டீ வரவழைத்தார். வாங்கிய கோப்பையைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார். பாட்டுச் சத்தம் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. "நல்லாப் பாடறாங்க," என்றார் தெருவைப் பார்த்தபடியே. கேட்பதற்கு மைமூன் தடை சொல்லவில்லை என்று ஜொஹ்ரா தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

இரண்டரை மணிக்குக் கட்டங்கள் கரைந்தன. பச்சை ஜரிகைத் திரை, தரைவிரிப்பு, தட்டில் மருதாணி, பெண்கள். நடுவில் மைமூன். மொட்டைத் தலையோடு கைதட்டிச் சிரித்துக்கொண்டு, சாவைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் இருந்தாள்.

கொண்டுவந்த புதிய கேமராவோடு இணைத்து இன்னொரு டேப்பில் பதிவு செய்ய ஒரு வயரைச் செருகினால் போதும். செருகியிருக்க வேண்டும். ஜொஹ்ராவுக்குக் கை வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தப் பகுதி முடியும்வரை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்றரை மணி நேரம் கட்டங்களைப் பார்த்த கண் அது.

"பாபி? என்னாச்சு? வந்துச்சா?"

"வந்துட்டு," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வயரைச் செருகினாள். டேப்பைப் பின்னால் சுற்றினாள். படம் இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று யாரும் சொல்லாமலே தூணை ஒரு துளி திருப்பினாள். ஓட விட்டாள்.

மைமூன் வந்தாள். கூடவே டெக்குக்குள் கிர்ர் என்று ஒரு சத்தம். எட்டு வருஷம் அடி வாங்கிக் கற்ற காது ஸ்டூலிலிருந்து துள்ளியது.

"டேப் சிக்குது! பந்த் கரோ, பாபி, நிறுத்துங்க! நான் திரும்பட்டுமா?"

அந்த மனுஷன் அப்போதும் கேட்டார். திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஒரு நொடியில் பிடுங்கியிருப்பார். ஜொஹ்ராவின் கை டெக்கின் பொத்தானுக்குப் போகவில்லை. திரையில் மைமூன் தலைத்துணி இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். கை டிவியின் பொத்தானுக்குப் போனது. அது சின்ன டிவி, பொத்தான் பின்னால் இருந்தது, தேடினாள். திரை இருண்ட பிறகுதான் "திரும்புங்க" என்றாள்.

அதற்குள் மைமூன் இருந்த பகுதி முழுக்க, பல முழ டேப், உருளையைச் சுற்றிக் கசங்கி மடிந்திருந்தது. ஸ்டீபன் இடுக்கியால் அதைத் துளித்துளியாக உருவி எடுத்தார். கசங்கியதை வெட்டி எடுத்து, நடுவில் தப்பிய ஒரு சின்னத் துண்டோடு முன்னையும் பின்னையும் ஒட்டினார். தூணைச் சரியாக்க வழி சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். தொண்ணூறு நிமிஷமும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பாட்டு வந்தது, கேலி வந்தது, விரலை ஆட்டி மைமூன் சொன்னதில் ஒரு பாதி வாக்கியம் குரலாக மட்டும் வந்தது. படத்தில் அப்போது அறையின் ஒரு மூலைதான் தெரிந்தது. மைமூன் மட்டும் வரவில்லை.

கிளம்பும்போது ஸ்டீபன் கூலி வாங்க மறுத்துவிட்டார். "நான் திரும்பியிருக்கணும் பாபி," என்றார். ஆட்டோவில் டெக் மடியில் கனத்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்டாள், அதில் சந்தேகமே இல்லை. அதைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அனீசாவின் போன் வந்தது. ஜொஹ்ரா மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி, தன் கை எந்தப் பொத்தானுக்குப் போனது என்பதுவரை சொன்னாள்.

"ஏன் அந்த ஆள பாக்க விடல சாச்சி?" என்றாள் அனீசா.

"உங்க உம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன் மவளே."

"எனக்கு? எனக்கு ஒண்ணும் கொடுக்கலியா?"

ஜொஹ்ரா போனைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டாள். நஜிமுதீன் ஜும்ஆ தொழுகைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், பாதிப் பொத்தானோடு நின்றார். திட்டட்டும் என்று ஜொஹ்ரா காத்திருந்தாள். போனை வைத்துவிடட்டும் என்றும் காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"நீங்க பாத்தியதானே?" என்றாள் அனீசா. "முழுசா ஒரு தடவை பாத்தேன்னு சொன்னியல்லா?"

"பாத்தேன்."

"சொல்லுங்க."

ஜொஹ்ரா கண்ணை மூடிக்கொண்டாள். நஜிமுதீன் சத்தமில்லாமல் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தலையில ஒண்ணுமே இல்ல மவளே. பிறந்த பிள்ளைத் தலை மாதிரி இருந்துச்சு. இடது காதுக்கு மேல சின்னதா ஒரு மச்சம். அது அங்கன இருக்கிறது எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். ஊதாச் சேலை. கை தட்டும்போது கண்ணாடி வளையல் ஒண்ணு உடைஞ்சு விழுந்துச்சு, அத குனிஞ்சு எடுத்துத் தட்டு ஓரத்துல வச்சா. பாட்டு முடிஞ்சு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாளுவ. கேமராவ மேசை மேல வச்சுட்டு நானும் போயிருக்கேன். அது ஓடிட்டே இருந்திருக்கு, நிறுத்தல. அவ தனியா இருந்தா. ரெண்டு கையாலயும் தலையத் தடவிக்கிட்டா. பொறவு எழுந்து, நீ இருந்த ரூம் கதவுகிட்டப் போயி நின்னா. திறக்கல. கதவுல உள்ளங்கைய வச்சா. அம்புட்டுதான். கொஞ்ச நேரம் வச்சுக்கிட்டே நின்னா. பொறவு துணிய எடுத்துக் கட்டிக்கிட்டா."

ஜித்தாவில் ஏதோ ஒரு பிள்ளை அழும் சத்தம் தூரத்தில் கேட்டது. அடுத்த வீடாக இருக்கும்.

"சிரிச்சாவளா?"

"கதவுகிட்டயா? இல்ல மவளே. அழவும் இல்ல. சும்மா நின்னா."

அனீசா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போன் கார்டில் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் குறுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனது.

"சாச்சி," என்றாள் அனீசா. "மறுபடி சொல்லுங்க. மொதல்ல இருந்து."